“என்ட கண்ணுக்கு முன்னால குடிக்கட்டும்”: அலஸ்தோட்டத்து மொட்டை மாடி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டாம். திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப ஒரே விதமாக நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த நிகழ்வு இது. ஆட்களும் நேரங்களும் அமைக்கப்பட்டவை. மதுசாரத்தின் அளவுக் கணக்கு, உடலுக்குள் அது செய்யும் வேலை, சட்டம் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

அன்றிரவு

மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது, உயர்தர வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. தகப்பன் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவர், 80 கிலோ எடை. வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு ரின் பியரோடு நிறுத்திக்கொள்வார். அவர் வெறியில் தள்ளாடியதை அயலில் ஒருவரும் கண்டதில்லை. இந்த விவரம் முக்கியம், ஏனென்றால் அன்றிரவுக்கு அவர் போட்ட கணக்கு முழுவதும் தன்னுடைய உடம்பை வைத்துப் போட்டது.

கூட்டாளிகளோடு இரவு கடற்கரைக்குப் போகப் போவதாக மகன் கேட்டான். கடற்கரை என்றால் என்னவென்று தகப்பனுக்குத் தெரியும். கசிப்பு (களவாக வடிக்கும் சாராயம்) வரலாம், நிலாவெளி வீதியில் மூன்று பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் ஓடலாம், பொலிஸ் பிடிக்கலாம். “அங்க போக வேண்டாம். குடிக்கிறதெண்டா இஞ்ச, என்ட கண்ணுக்கு முன்னால குடியுங்கோ” என்றார். “மற்றப் பிள்ளையளின்ட தாய் தகப்பனிட்டச் சொல்லியாச்சோ?” என்று தாய் கேட்டார். “ஆம்பிளைப் பிள்ளையள்தானே, அவையளுக்குத் தெரியாமலோ” என்பது பதில்.

தகப்பன் நான்கு கட்டுப்பாடுகள் போட்டார். ஆளுக்கு ஒரு ரின் மட்டும். மோட்டார் சைக்கிள் திறப்புகள் அவர் கையில். விடியும் வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது. சாராயம் கிடையாது. வீட்டில் குடிக்க விடும் பெற்றோரில் பலர் இவ்வளவுகூடச் செய்வதில்லை. அதனால் இவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஒதுக்கிவிட்டு இந்த நிகழ்விலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. (திறப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: ஐந்து பேரில் ஒருவனுக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயதில்லை. அதை அன்று யாரும் பிரச்சினையாகக் கருதவில்லை.)

6.45க்கு தகப்பனே நகரத்துக் கடையில் ஆறு ரின் வாங்கினார். ஐந்து பெடியன்களுக்கு, ஒன்று தனக்கு. 500 மில்லிலீற்றர், 8.8 சதவீதம், அவர் வழக்கமாகக் குடிக்கும் அதே ‘ஸ்ட்ரோங்’. 7.15க்கு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். முதல் முக்கால் மணி நேரம் தகப்பன் கூடவே இருந்தார். தனது ரின்னை முடித்துவிட்டு, 8 மணிக்குக் கீழே வந்தார். பெரியவர் இருந்தால் பெடியன்கள் வாய் திறந்து கதைக்க மாட்டார்கள் என்ற நல்லெண்ணம்தான். பிறகு இரண்டு தடவை மேலே போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் செருப்புச் சத்தம் படியில் கேட்ட பிறகே அவர் தலை மாடியில் தெரிந்தது.

8.20க்கு அரைப் போத்தல் சாராயம் வந்தது. பெடியன்களில் ஒருவனுடைய மச்சான் முறையான 22 வயது இளைஞர் வாங்கி, கோலா போத்தலுக்குள் கலந்து, மதில் மேலால் கொடுத்தார். ஐவரில் இருவருக்குப் பியரின் கசப்புப் பிடிக்கவில்லை. அதில் ஒருவன் தன் ரின்னில் பாதியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான்.

அந்தப் பக்கத்திலிருந்தவன்தான் இந்த ஆய்வின் மையம். 15 வயது, 46 கிலோ, ஐவரிலும் இளையவன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. 9.40க்குக் கொத்து வந்தபோது “பசிக்கேல்லை” என்றான். 10.05க்குச் சத்தி எடுத்தான். முகம் கழுவி, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, கீழே அறையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். “விடியச் சரியாயிடும்” என்று தகப்பன் சொல்ல, 10.30க்கு விளக்கு அணைந்தது.

11.50க்குத் தாய் தண்ணீர் குடிக்க எழும்பினார். அறையிலிருந்து வந்த குறட்டைச் சத்தம் இடையிடையே நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் கன்னத்தில் சத்தி, கைகள் குளிர்ந்திருந்தன, தட்டியும் கிள்ளியும் கண் திறக்கவில்லை. தாய் அவனை ஒருக்களித்துத் திருப்பிவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தார். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது இரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிலீற்றருக்கு 48 மில்லிகிராம். நாளத்தால் குளுக்கோஸ் ஏற்றினார்கள், சுவாசப்பாதையைச் சுத்தம் செய்தார்கள், ஒட்சிசன் கொடுத்தார்கள். நெஞ்சில் சத்தி இறங்கியிருந்ததால் மூன்று நாள் விடுதியில் வைத்திருந்தார்கள். பிள்ளை தப்பிவிட்டான்.

ஒரு ரின்னில் என்ன இருக்கிறது

தகப்பன் ரின்களை எண்ணினார். எண்ண வேண்டியது கிராமை.

கணக்கு எளிது. மில்லிலீற்றரைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் தூய மதுசாரம் எத்தனை கிராம் என்று வரும். 500 மில்லிலீற்றர் 8.8 சத ரின்னில் 44 மில்லிலீற்றர், அதாவது சுமார் 35 கிராம். அதே அளவு ரின் 4.8 சத லாகர் என்றால் 19 கிராம்தான். 625 மில்லிலீற்றர் லாகர் போத்தலில் சுமார் 24 கிராம். 33.5 சதவீதச் சாராயம் கால் போத்தல், 180 மில்லிலீற்றர், எடுத்தால் 48 கிராம் வரும். “பியர்தானே” என்று கொடுத்த ஒரு ஸ்ட்ரோங் ரின், கால் போத்தல் சாராயத்தில் முக்கால்வாசிக்கு நெருக்கமாக நிற்கிறது. இந்த ஒரு வரியைத் தெரிந்த தகப்பன்மார் குறைவு.

அடுத்தது உடம்பு. மதுசாரம் உடலின் நீரில் பரவுகிறது. ஆணுக்கு உடல் எடையை 0.68ஆலும் பெண்ணுக்கு 0.55ஆலும் பெருக்கி, வரும் எண்ணால் கிராமை வகுத்தால், இரத்தத்தில் ஏறக்கூடிய உச்ச அளவு அண்ணளவாகக் கிடைக்கும். 80 கிலோ தகப்பனுக்கு ஒரு ரின்: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 64 மில்லிகிராம். 46 கிலோ பெடியனுக்கு அதே ரின்: 112 மில்லிகிராம். இலங்கையில் வயதுவந்த சாரதி ஒருவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80.

ஆகவே தகப்பனின் கட்டுப்பாடு ஒரு துளியும் மீறப்படாமல் இருந்திருந்தாலும் இந்தப் பிள்ளை வாகனம் ஓட்டும் எல்லையைத் தாண்டியிருப்பான். சாராயம் வந்ததால்தான் எல்லாம் பிழையாகிப் போனது என்று பிறகு வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது பாதிதான் சரி.

உண்மையில் குடித்த அளவு: தன் ரின் 35 கிராம், நண்பன் கொடுத்த பாதி 17, கோலாவோடு கலந்த சாராயம் 90 மில்லிலீற்றர் என்று எடுத்தால் 24. மொத்தம் 76 கிராம். உச்சக் கணக்கு 243 மில்லிகிராம். ஈரல் மணிக்கு 15 முதல் 20 வரை அகற்றும் என்பதால் மூன்று மணி நேரத்துக்கு 50 அளவைக் கழித்தால், விளக்கணைத்த நேரத்தில் சுமார் 190. இது அண்ணளவு, ஆளுக்காள் மாறும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு துணை விஷயம் கிடைக்கிறது. 190இலிருந்து பூச்சியத்துக்கு வரப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும். விடியும் வரை மறித்துவைத்து, 7 மணிக்குத் திறப்பைக் கொடுத்து அனுப்பும் அந்தக் கட்டுப்பாடு, அந்த நேரத்திலும் வெறி முழுதாக இறங்காத பிள்ளையை வீதியில் விட்டிருக்கும்.

கள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அது குடியில்லை” என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் நன்றாக வேர்விட்டிருக்கிறது. கள் இறக்கிய பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். காலையில் நாக்கில் இனிக்கும் கள்ளும் பின்னேரம் புளிக்கும் கள்ளும் ஒரே சரக்கல்ல. எவ்வளவு சதவீதம் என்று எந்தப் போத்தலிலும் ஒட்டியிருக்காது என்பதால் அளந்து கொடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சளிக்கு ஒரு மூடி பிரண்டி கொடுப்பதும் இதே வகைதான்: அது சளியைக் குணமாக்காது, சின்ன உடம்பில் குளுக்கோஸைத்தான் இறக்கும்.

மேற்பார்வை அறுந்த இடங்கள்

“கண்ணுக்கு முன்னால” என்பது மூன்று மணி நேரக் குடியில் முக்கால் மணி நேரம் உண்மையாக இருந்தது. அது தகப்பனின் சோம்பல் அல்ல. 16 வயதுப் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கடைசி மிடறு வரை உட்கார்ந்திருப்பது இயல்பாக நடக்கும் காரியம் இல்லை. அவர் எழும்பிப் போவார் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சாராயம் வந்த விதத்தைக் கவனியுங்கள். கடற்கரையில் என்றால் அந்த 22 வயதுக்காரர் யோசித்திருப்பார். பெரியவர் அனுமதித்த வீடு என்றதும் பயம் விட்டுப்போனது. வீட்டுக்காரர் பியருக்குக் கொடுத்த அனுமதியைப் பெடியன்கள் குடிக்குக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கே கோடு என்று தகப்பன் சொல்லியிருந்தார்தான், ஆனால் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. தானே தொடக்கி வைத்த விருந்தைத் தானே கலைப்பது அவருக்கும் இலேசாக இருந்திராது.

கசப்புப் பிடிக்காதவனின் ரின் போன இடமும் அப்படித்தான். “ஆளுக்கு ஒன்று” என்ற விதி எல்லாரும் சமமாகக் குடிப்பார்கள் என்று நம்புகிறது. நடப்பில், விருப்பமில்லாதவனின் பங்கு விருப்பமுள்ளவனிடமோ, மறுக்கத் தெரியாத இளையவனிடமோ போய்ச் சேரும். ஐவரில் எடை குறைந்தவன் அதிகம் குடித்தது தற்செயல் இல்லை. பெரிய பெடியன்கள் நடுவில் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தவன் அவன்தான்.

இனி, மற்றப் பெற்றோர். 15 வயதுப் பிள்ளையின் வீட்டில் “கூட்டாளி வீட்டில் கொத்துப் போடுறம், அங்கேயே படுக்கிறன்” என்பது வரைதான் தெரியும். வைத்தியசாலையில் அந்தத் தகப்பன் கேட்ட கேள்விக்கு இவரிடம் பதில் இருக்கவில்லை: “அண்ணை, உங்கட பிள்ளைக்கு நீங்கள் குடுக்கிறது உங்கட விருப்பம். என்ட பிள்ளைக்கு யார் உங்களைக் குடுக்கச் சொன்னது?” தன் பிள்ளையின் உடம்பு, ஒவ்வாமை, வலிப்பு இருக்கிறதா, ஏதாவது குளிசை எடுக்கிறதா என்பது தகப்பனுக்குத் தெரியும். மற்றவர் பிள்ளையின் எதுவும் தெரியாது. இரண்டு குடும்பமும் ஒரே கோவில் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள். இன்று பேச்சுவார்த்தை இல்லை.

விளக்கணைத்த பிறகு

இந்த நிகழ்வில் உயிர் ஊசலாடிய நேரம் குடித்த நேரம் அல்ல, படுக்க விட்ட பிறகு வந்த ஒன்றரை மணி நேரம்தான்.

கடைசி மிடறுக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். “படுத்திட்டான், இனிப் பிரச்சினையில்லை” என்று நினைக்கும் நேரத்தில்தான் உச்சம் வருகிறது. தொண்டைக்குள் ஏதும் போனால் ஓங்காளத்தையும் இருமலையும் தூண்டும் மூளைப் பகுதியை மதுசாரம் மழுக்குகிறது. சத்தி மேலே வரும், இருமி வெளியேற்ற முடியாது. மல்லாக்கக் கிடந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். குறட்டை போலக் கேட்பது பல நேரம் பாதி அடைபட்ட சுவாசப்பாதையின் சத்தம். அது நல்ல தூக்கத்தின் அறிகுறி இல்லை.

குளுக்கோஸ் விழுவதற்குக் காரணம் வேறு. சாப்பிடாத நேரத்தில் ஈரல்தான் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்துக்கு விடுகிறது. மதுசாரத்தை உடைக்கும் வேலையில் அந்தத் தயாரிப்பு தடைப்படும். ஈரலில் சேமிப்புக் குறைந்த சிறுவர்களுக்கும் இளம் பருவத்தினருக்கும், அதிலும் மத்தியானத்திலிருந்து வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு, இது வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் “நல்ல வெறி” போலத்தான் தெரியும்: வியர்வை, குளிர்ந்த கை, உளறல், மயக்கம். வலிப்பு வந்த பிறகு கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

ஆகவே வீட்டில் ஒரு பிள்ளை இப்படிக் கிடந்தால் செய்ய வேண்டியது: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல் பக்கத்துக் காலை முழங்காலில் மடித்து முன்னால் வையுங்கள், அதுதான் உடம்பு உருளாமல் தடுக்கும். மேல் பக்கத்துக் கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, வாய் நிலத்தை நோக்கியிருக்கும்படி தலையைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு இடைக்கிடை எட்டிப் பார்ப்பது போதாது. தோளில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிள்ளிப் பாருங்கள். எழுப்ப முடியவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைவு, இரண்டு மூச்சுக்கிடையில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், வலிப்பு, விழுந்து தலையில் அடி: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990. எல்லாம் சேரும் வரை காத்திருக்கக் கூடாது.

தேசிக்காய்த் தண்ணீர், மோர், கோப்பி, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சத்தி எடுக்க வைப்பது: ஒன்றும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. முழுதாக விழிப்பில்லாதவனுக்கு வாயால் கொடுக்கும் எதுவும் நெஞ்சுக்குள்தான் போகும். குளிப்பாட்டினால் ஏற்கனவே இறங்கிய உடல் வெப்பம் இன்னும் இறங்கும்.

வைத்தியசாலையில் முதல் கேள்வியிலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். என்ன சரக்கு, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, எனர்ஜி ட்ரிங்க் கலந்ததா, குளிசை ஏதாவது போட்டானா. “சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை” என்று தொடங்கும் குடும்பங்களால் அரை மணி நேரம் வீணாகிறது. கசிப்பு குடித்திருக்கலாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெதனோல் கலந்திருந்தால் முதலில் சாதாரண வெறி போலவே இருக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுகூடக் கண் மங்கத் தொடங்கலாம், அதற்கான சிகிச்சையும் வேறு.

சட்டம் தொடும் இடம், தொடாத இடம்

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதைத் தடுக்கிறது. 18 என்று நினைத்திருப்பவர்கள் பலர். 18 அல்ல, 21. ஆனால் அது விற்பனை பற்றிய தடை. கடைக்காரர் 44 வயது ஆளுக்கு விற்றார், அதில் குற்றமில்லை. வீட்டுக்குள் தகப்பன் மகனுக்குக் கொடுப்பதை அந்தத் தடை நேரடியாகத் தொடுவதில்லை.

அதனால் தப்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அவருடைய உடல்நலத்துக்குக் கேடு வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவு இருக்கிறது. அன்றிரவு ஐந்து பிள்ளைகளும் அந்த வீட்டின் பொறுப்பில்தான் இருந்தார்கள். இந்த நிகழ்வில் வைத்தியசாலைப் பொலிஸார் வாக்குமூலம் எடுத்தார்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்த்தார், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இரண்டு வீட்டுக்கும் வந்தார். வழக்காகப் போகவில்லை. பிள்ளை பிழைக்காமல் இருந்திருந்தால் இந்த வசனம் வேறாக இருந்திருக்கும்.

“லண்டனில வீட்டில குடுக்கிறவையாம்”

விடுமுறைக்கு வரும் உறவினர் சொல்லிவிட்டுப் போகும் வாதம் இது. பிரித்தானியாவில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மதுசாரம் கொடுப்பதுதான் குற்றம். அதற்கு மேல் வீட்டுக்குள் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மை. சட்டம் தடுக்கவில்லை என்பதால் அது நல்லதென்று அந்த நாட்டு மருத்துவர்கள் சொல்லவில்லை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2009இல் கொடுத்த அறிவுரை, மதுசாரமே இல்லாத குழந்தைப் பருவம்தான் நல்லது, 15 வயது வரையாவது வேண்டவே வேண்டாம் என்பது.

“வீட்டில் பழகினால் வெளியில் அளவோடு நிற்பான்” என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 1927 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வரை ஆண்டுக்கொருமுறை பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெற்றோர் கொடுத்த பிள்ளைகள் பின்னர் ஒரே இருப்பில் அதிகம் குடிப்பதும், குடியால் பாதிப்படைவதும் கூடுதலாக இருந்தன. பெற்றோர் கொடுத்ததால் பாதுகாப்பு வந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. வீட்டில் கிடைத்தவர்கள் வெளியில் தேடாமல் விடவில்லை, வெளியிலும் பெற்றார்கள். வாஷிங்டன் மாநிலத்தையும் விக்டோரியாவையும் ஒப்பிட்ட 2011 ஆய்வும் பெரியவர் முன்னிலையில் குடிப்பது பற்றி இதே திசையில்தான் பேசியது. அமெரிக்காவில் 1997இல் வெளியான கணக்கெடுப்பு ஆய்வொன்றில், 14 வயதிலோ அதற்கு முன்னரோ குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள்; 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 10 சதவீதம் அளவு. முந்தித் தொடங்கியதால் அடிமையானார்களா, அடிமையாகக்கூடியவர்கள் முந்தித் தொடங்கினார்களா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஆனாலும், முந்தித் தொடங்குவது காப்பாற்றும் என்று சொல்பவருக்கு இந்த எண்களில் ஒரு பிடியும் இல்லை.

நத்தார் இரவில் வீட்டில் வடித்த வைனை ஒரு வாய் சுவைப்பதும் மொட்டை மாடியில் ஒரு ரின்னும் ஒன்றென்று இங்கு வாதிடவில்லை. ஒரு வாயால் உடம்பு கெடாது. ஆனால் இரண்டாவது வாயைக் கேட்கும்போது என்ன பதில் என்பதை அந்த வீடு முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

வீட்டில் மாற்றியவை

அறிவுரை வகுப்பால் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள்.

முதலாவது, தகப்பன் சொன்ன வசனம். “நீ குடிச்சா அடிப்பன்” என்றால் பிள்ளை ஒளிப்பான். “வீட்டில குடி” என்றால் என்ன நடந்ததென்று பார்த்தோம். அவர் சொன்னது: “தம்பி, 21 வரைக்கும் இந்த வீட்டில உனக்குக் குடி இல்லை. வெளியில ஏதும் நடந்து ஏலாமல் போனா எத்தனை மணியெண்டாலும் எனக்கு எடு, நான் வந்து கூட்டிக்கொண்டு போவன். அண்டைக்கு ஒண்டும் கேக்க மாட்டன், அடுத்த நாள் கதைப்பம்.” தடையையும் மீட்பையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் வேலை செய்யாது. இரவு ஏசாமல் இருப்பது தகப்பனுக்குக் கஷ்டம்தான், ஆனால் வெறியில் இருப்பவனுக்குச் சொல்லும் எதுவும் காலையில் நினைவிருக்காது.

இரண்டாவது, சரக்கு. குளிரூட்டியின் கீழ்த் தட்டில் கிடந்த ரின்கள் பூட்டுப் போட்ட அலுமாரிக்குப் போயின. எண்ணிக்கை அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதப்படுகிறது. திறந்த போத்தலின் லேபிளில் மட்டத்தைப் பேனையால் கீறுவது பழைய வழி. தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டும் வித்தை எந்தப் பெடியனுக்கும் தெரியும் என்பதால் அதை நம்பக் கூடாது. திறந்த போத்தலை வைத்திருக்காமல் விடுவது அதைவிட நல்லது.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. சாமத்திய வீடு, கலியாணம், செத்த வீடு, எங்கும் பின்வளவில் பெரியவர்கள் இருக்க, ஐஸ் வாங்க, பைற்ஸ் வாங்க, சோடா உடைக்க ஓடுவது 13, 14 வயதுப் பிள்ளைகள். கிளாசில் மிச்சம் கிடப்பதை முதலில் ருசி பார்ப்பதும் அவர்கள்தான். தாய் இதை நிறுத்தினார். “என்ட பிள்ளை ஐஸ் எடுக்க வரமாட்டான், மாமா, நீங்களே எடுங்கோ” என்று ஒரு அந்தியேட்டி வீட்டில் வைத்தே சொன்னார். உறவுக்குள் அதற்குக் கிடைத்த பெயர் ‘பெரிய மனுசி’.

இரவு தங்கப் போகும் பிள்ளைக்கு மூன்று கேள்வி என்ற பழக்கம் இரண்டு மூன்று வீடுகளுக்குள் வந்தது. தங்கும் வீட்டுப் பெரியவரை நேரே தொலைபேசியில் பிடித்து: இரவு முழுக்க வீட்டில் பெரியவர் யார், குடி இருக்கிறதா, ஏதாவது நடந்தால் எந்த எண்ணுக்கு எடுப்பீர்கள். பிள்ளை மூலம் கேட்டால் பதில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள், “எங்கட ஆளுக்கு வயித்துப் பிரச்சினை, அதுதான் கேக்கிறன்” என்று தொடங்கலாம். பொய்தான், வேலை செய்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வில் அதிகம் இல்லை. அவர்களுக்கு வீட்டில் யாரும் ரின் நீட்டுவதில்லை, அதனால் நடந்தால் மறைவில் நடக்கிறது, வைத்தியசாலைக்கும் பிந்தி வருகிறார்கள். எடைக் கணக்கு மட்டும்: 46 கிலோப் பெண்ணுக்கு அதே ஸ்ட்ரோங் ரின் 138 மில்லிகிராம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

மகன் உயர்தர வகுப்பில் இருக்கிறான். ஒரு தடவை உப்புவெளிக் கடற்கரையிலிருந்து இரவு 11 மணிக்குத் தகப்பனை அழைத்தான். தகப்பன் ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வந்தார், வழியில் வாய் திறக்கவில்லை. தகப்பன் வெள்ளி, சனி இரண்டு ரின்னை விடவில்லை; அதைத் தொடர்ச்சிப் பதிவில் ஒளிக்காமல் எழுத வேண்டும். மொட்டை மாடியில் குடிப்பதை நிறுத்தி, பிள்ளைகள் படுத்த பிறகு குடிக்கிறார். இது மறைப்பதா மாற்றமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

15 வயதுப் பிள்ளையின் நெஞ்சு தெளிந்துவிட்டது. அவனுடைய வீட்டாருக்கு 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண், முறைப்பாடு செய்ய மட்டுமல்ல, ஆலோசனை கேட்கவும் பயன்படும் என்பது பிந்தித்தான் தெரிய வந்தது. மகனின் பாடசாலையில் வகுப்பாசிரியர் தவிர யாருக்கும் சொல்லப்படவில்லை, அது இரண்டு வீடும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

கோலா போத்தலை மதில் மேலால் கொடுத்த 22 வயதுக்காரரிடம் இதுவரை எவரும் போய்ப் பேசவில்லை. அவர் 21ஐத் தாண்டியவர், கடையில் சட்டப்படி வாங்கினார். அடுத்த பரீட்சை முடியும்போது அடுத்த பெடியன்கள் அவரிடம்தான் போவார்கள். அவருடைய தாய் இதே ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அங்கே போய்க் கதைப்பது யார் என்று தகப்பன்மார் இருவரும் இன்னும் தீர்மானிக்கவில்லை.